எளியாரை வாட்டாமை: கதையும் நாடகமும் கற்பிக்கும் பாடம்

பள்ளிக்குப் புறப்படும் வேளை பார்த்து, வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்ளும் குழந்தைகளை நாம் யாவரும் அறிவோம். படிக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறது என்று கருதி அதட்டி அனுப்பிவிடுவதே பெரும்பாலான இல்லங்களில் வழக்கம். சில வேளைகளில் அது வெறும் சாக்காகவே இருக்கலாம். வேறு சில வேளைகளிலோ, அக்குழந்தை அஞ்சுவது பாடத்துக்கும் அன்று, ஆசிரியருக்கும் அன்று. தன்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்கும் மற்றொரு குழந்தைக்கே அது அஞ்சுகிறது. அந்த அச்சத்தை எடுத்துரைக்க அதனிடம் சொற்கள் இல்லை. எடுத்துரைத்தால் கேட்பார் உண்டு என்ற நம்பிக்கையும் இல்லை. அச்சொற்களையும் அந்த நம்பிக்கையையும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வாறு அளிப்பது, அப்பணியில் கதையும் நாடகமும் எவ்வாறு துணை நிற்கும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சண்டை வேறு, வாட்டுதல் வேறு

பிள்ளைகள் என்றால் சண்டையிடத்தான் செய்வார்கள், இதற்கெல்லாம் ஒரு பேச்சா என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். சண்டை வேறு, வாட்டுதல் வேறு. சம வலிமையுள்ள இரு சிறுவர் ஒரு பம்பரத்துக்காகக் கட்டிப் புரண்டு, மறுநாள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு வருவார்களாயின் அது சண்டை. அதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால் வலிமை மிக்க ஒருவனோ ஒரு கூட்டமோ, எதிர்த்து நிற்க இயலாத ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, புண்படுத்தும் நோக்கத்தோடு, நாள்தோறும் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது வாட்டுதல் ஆகும். நோக்கம், தொடர்ச்சி, வலிமையில் ஏற்றத்தாழ்வு ஆகிய இம்மூன்றும் அதன் அடையாளங்கள்.

இம்மூன்று அடையாளங்களையும் தெளிவாக வகுத்துக் கூறியவர் டான் ஓல்வேயஸ் என்னும் உளவியல் அறிஞர். சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய அவர், 1970-களிலேயே இப்பொருளை ஆராயத் தொடங்கினார். ஆயினும் 1982-ஆம் ஆண்டு வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட பின்னரே அந்நாடு விழித்தெழுந்தது. உடன் பயின்றோர் இழைத்த கொடுமையே அதற்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று அறியப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1983-இல், நாடு தழுவிய இயக்கம் ஒன்று பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. விளையாட்டு என்று பெரியவர்கள் ஒதுக்கித்தள்ளிய ஒன்று எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இது ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் மாணவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர், ஒரு மாதத்தில் ஒரு முறையேனும் உடன் பயில்வோரால் வாட்டப்பட்டவர் ஆவர்.

வாட்டுதல் கையால் மட்டும் நிகழ்வது அன்று. அடித்தல், தள்ளுதல், பொருளைப் பறித்தல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும். பட்டப்பெயர் சூட்டுதல், உடற்குறையைச் சுட்டிச் சிரித்தல், பேச்சைப் பழித்துக் காட்டுதல் ஆகியவை நாவால் நிகழ்வன. இவற்றைப் பெரும்பாலும் ஆசிரியர் கேட்பதில்லை. மூன்றாவது வகை இன்னும் நுட்பமானது. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமை, உணவு வேளையில் தனியே விட்டு விலகி அமர்தல், வாயே திறவாமல் ஒரு பிள்ளையை இல்லாதது போல் நடத்துதல் ஆகியவை இவ்வகை. இதற்குத் தழும்பு கிடையாது. ஆகவே சான்றும் கிடையாது.

நம் நாட்டிலோ இதற்குள் சமுதாயத்தின் பழைய நோய்களும் புகுந்துகொள்கின்றன. நிறம், வறுமை, மொழி, மதம் ஆகியவை குழந்தைகளின் வாயில் கேலியாக வெளிப்படுகின்றன. அனைத்திலும் கொடியதாகச் சாதி வெளிப்படுகிறது. டாக்டர் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியுள்ளார். வகுப்பில் அவர் தனியே ஒரு சாக்குத் துணியில் அமர வேண்டியிருந்தது. அதை அவரே நாள்தோறும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்தாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. அங்கே பிள்ளைகளின் கொடுமையைக் காட்டிலும் பெரியவர்கள் வகுத்த முறையே முதன்மையான குற்றவாளி. பிள்ளைகள் தாமாக எதையும் கண்டுபிடிப்பதில்லை; பெரியவர்களிடம் கண்டதையே வகுப்பறையில் நடித்துக் காட்டுகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், குழந்தை எதுவும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ ஆளாக்கப்படலாகாது என்று விதிக்கிறது. ஆசிரியரே பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் வகுப்பில், பிள்ளைகளுக்கு வேறு நெறி கற்பிக்க ஒருவராலும் இயலாது என்பதை முதற்கண் நினைவிற்கொள்வோமாக.

அறிவுரை ஏன் போதாது?

"பிறரைத் துன்புறுத்தாதே" என்று பலகையில் எழுதி, பத்து முறை சொல்லச் செய்தால் பிள்ளைகள் அழகாகச் சொல்வார்கள். இடைவேளை மணி அடித்தவுடன் பழையபடியே நடந்துகொள்வார்கள். இதில் அவர்களைக் குறை கூறுவதற்கு இடமில்லை. ஆறு முதல் பத்து வயதுவரை உள்ள குழந்தை கருத்தைக் கருத்தாகக் கொள்வது அரிது. அது கண்ணால் கண்டதையும் உடலால் செய்ததையும் கதையாகக் கேட்டதையுமே பற்றிக்கொள்ளும். "கருணை" என்ற சொல் அதற்கு வெறும் ஒலி. சிறகொடிந்த குருவியின் கதை அதற்குக் கருணை.

மற்றொரு காரணமும் உண்டு. அறிவுரை நேராக வந்து தாக்குகிறது. அதைக் கேட்டவுடன் குற்றம் செய்த பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தேடுகிறது. துன்பப்பட்ட பிள்ளையோ வகுப்பே தன்னைத் திரும்பிப் பார்க்கிறது என்று நாணித் தலை குனிகிறது. கதை அவ்வாறு செய்வதில்லை. அது எருதைப் பற்றியும் யானையைப் பற்றியும் பேசுகிறது. அந்த இடைவெளியில் நின்றுகொண்டு, இரு குழந்தைகளும் அச்சமின்றித் தம்மையே பார்த்துக்கொள்ளலாம். மெலியவன்மேல் பாயும்போது, உன்னினும் வலியவன்முன் நீ நிற்கும் நிலையை எண்ணிப் பார் என்பது அருளுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழி. பிறருடைய நிலையில் தன்னை நிறுத்திப் பார்க்கும் அந்த ஆற்றலையே கதை தூண்டுகிறது. நாடகம் அதைப் பயிற்சியாக்குகிறது.

நம்மிடம் உள்ள கதைகள்

இதற்கெனப் புதுக் கதைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. புத்த ஜாதகக் கதைகளுள் நந்திவிசாலன் என்னும் எருதின் கதை ஒன்று உண்டு. தன்னை அன்போடு வளர்த்த அந்தணனுக்குப் பொருள் ஈட்டித் தர விரும்பிய அந்த எருது, நூறு பாரவண்டிகளைத் தான் ஒன்றே இழுப்பதாகக் கூறிப் பந்தயம் கட்டச் சொல்லிற்று. ஆயிரம் காசு பந்தயம். வண்டிகளைப் பூட்டியபின் அந்தணன், ஊரார் நடுவே, அதை இழிசொல்லால் அதட்டி ஓட்டினான். எருது நான்கு கால்களையும் தூண்களைப் போல ஊன்றி அசையாது நின்றது. பந்தயம் தோற்றது. வீட்டில் துயருற்றுக் கிடந்தவனிடம் எருது கேட்டது: நான் எப்போதாவது உன் வீட்டில் ஒரு பாண்டத்தை உடைத்தேனா? ஒருவரையேனும் முட்டினேனா? பின் ஏன் என்னை அச்சொல்லால் அழைத்தாய்? மறுமுறை இரண்டாயிரம் காசு பந்தயம். இம்முறை அந்தணன் இன்சொல் கூறித் தட்டிக் கொடுத்தான். நூறு வண்டிகளும் நகர்ந்தன.

பட்டப்பெயர் சூட்டும் வழக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை அரிது. ஆனால் கதை முடிந்தவுடன் "இதனால் அறியப்படும் நீதி யாதெனில்" என்று ஆசிரியர் தொடங்கிவிடலாகாது. அவர் செய்ய வேண்டியது வினவுதல் மட்டுமே. எருதுக்கு வலிமை இருந்தும் அது ஏன் நகரவில்லை? அந்தச் சொல்லைக் கேட்டபோது அதன் உடலில் எங்கே வலித்திருக்கும்? சுற்றி நின்ற ஊரார் சிரித்திருப்பார்களா? சிரித்திருந்தால் வலி குறைந்திருக்குமா, கூடியிருக்குமா? இவ்வினாக்களுக்கு ஒரே விடை கிடையாது. "நெஞ்சில் வலித்திருக்கும்" என்று ஒரு பிள்ளை சொல்லும். "தொண்டையில்" என்று இன்னொரு பிள்ளை சொல்லும். தொண்டையில் என்று சொன்ன பிள்ளை அதை எங்கிருந்து அறிந்தது என்பதை நுண்ணறிவுள்ள ஆசிரியர் மனத்தில் குறித்துக்கொள்வார். அப்போதே கேட்டுவிட மாட்டார்.

மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நம் இதிகாசங்களிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். மகாபாரதத்து ஆதி பருவத்தில், சிறுவனான வீமன் தன் பெரியப்பன் மக்களை எவ்வாறு அலைக்கழித்தான் என்பது விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அவர்கள் கனி பறிக்க மரத்தில் ஏறினால், இவன் மரத்தை உதைத்து உலுக்குவான். கனிகளோடு அவர்களும் விழுவார்கள். நீராடும்போது பலரைச் சேர்த்துப் பிடித்து நீருள் அமுக்குவான். அவன் மனத்தில் பகை இல்லை, அது பிள்ளைத்தனமே என்று காவியம் சொல்கிறது. ஆயினும் விழுந்தவர்களுக்கு அது பிள்ளைத்தனமாகத் தோன்றவில்லை. துரியோதனன் நெஞ்சில் அது நஞ்சாகத் திரண்டு, பின்னர் வீமனின் உணவிலேயே நஞ்சாகக் கலந்தது. "நான் விளையாட்டுக்குத்தான் செய்தேன்" என்னும் பிள்ளைகளின் வழக்கமான வாதத்துக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா? அதே வேளையில், துன்பப்பட்டவன் நஞ்சிட்டது நியாயமா, வேறு யாரிடம் அவன் முறையிட்டிருக்கலாம் என்ற வினாவும் எழுகிறது. நல்லவன் என்று நாம் கொண்டாடும் ஒருவனும் ஒரு காலத்தில் பிறரை வாட்டியிருக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது பெரும் பயன் தருவது.

மற்றொன்று கம்பர் குறிப்பிடுவது. சிறு பருவத்தில் இராமன் வில்லில் வைத்து எறிந்த மண்ணுருண்டை தன் கூனின்மேல் பட்டதை மந்தரை மறக்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தபின், முடிசூட்டு விழாவுக்கு முந்திய நாளில், அவள் அதையே நினைக்கிறாள். உடற்குறை உடைய ஒருவரை நோக்கி எறிந்த சிறு உருண்டை எவ்வளவு நெடுந்தூரம் பயணம் செய்கிறது! எறிந்தவர் மறப்பதும் பட்டவர் மறவாததும் இவ்வுலகின் இயல்பு என்பதைப் பிள்ளைகள் உணர இவ்வொரு நிகழ்ச்சி போதும்.

கதைகளைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. பஞ்சதந்திரத்தில் குருவியின் முட்டைகளை நசுக்கிய யானையை, குருவியின் நண்பர்களாகிய மரங்கொத்தியும் ஈயும் தவளையும் கூடிக் குழியில் வீழ்த்திக் கொல்கின்றன. எளியவர் ஒன்றுகூடினால் வலியவரை எதிர்கொள்ளலாம் என்ற பகுதி நமக்குப் பயன்படும். பழிவாங்கிக் கொல்லுதல் என்ற முடிவோ வகுப்பறைக்கு உதவாது. ஆகவே, யானை குழியின் விளிம்புக்கு வந்தவுடன் கதையை நிறுத்தி, "இனி என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளையே கேட்பது நலம். முடிவைத் தாமே ஆக்கும் பிள்ளைகள் கதையைத் தமதாக்கிக்கொள்கிறார்கள்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்க வேண்டிய கதை ஒன்றும் உண்டு. இரவீந்திரநாத தாகூர் 1890-களில் எழுதிய "சுட்டி", அதாவது "விடுமுறை" என்னும் சிறுகதையில், தன் ஊரில் சிறுவர் கூட்டத்துக்குத் தலைவனாக அடாவடி செய்த பாதிக் என்னும் சிறுவன், கல்கத்தாவில் மாமன் வீட்டுக்குச் சென்றவுடன், அங்கே யாருக்கும் வேண்டாதவனாகி வாடுகிறான். பள்ளியில் அடியும் ஏளனமும் அவனுக்குக் கிடைக்கின்றன. வாட்டுபவன், வாட்டப்படுபவன் என்று பிள்ளைகள் பிறவியிலேயே இரண்டு இனங்களாகப் பிரிந்திருப்பதில்லை. இடம் மாறினால் நிலையும் மாறும். இதை உணர்ந்த ஆசிரியர் எந்தப் பிள்ளைக்கும் "முரடன்" என்று நிலையாக முத்திரை குத்த மாட்டார்.

கதையைக் கல்வியின் நடுவிடத்தில் வைத்தவர்களுள் குஜராத்தின் கிஜுபாய் பதேகா குறிப்பிடத்தக்கவர். 1920-இல் பாவநகரில் குழந்தைப் பள்ளியை நிறுவிய அவர், பகற்கனவு என்று பொருள்படும் "திவாஸ்வப்ன" என்னும் நூலில், அடங்காத நான்காம் வகுப்பை ஏற்கும் ஓர் ஆசிரியரைப் படைத்துள்ளார். அமைதியாக இருங்கள் என்ற முயற்சி அங்கே முதல் நாளே தோற்கிறது. கதை சொல்லத் தொடங்கியவுடன் வகுப்பு தானே அடங்குகிறது. கேட்கும் பழக்கமே பிறரை மதிக்கும் பழக்கத்துக்கு முதற்படி அல்லவா?

நாடகத்தின் தனிப் பயன்

கதை கேட்பவனை உணரச் செய்கிறது. நாடகம் அவனைச் செய்யச் சொல்கிறது. எதைச் செய்யச் சொல்ல வேண்டும்? இவ்விடத்தில் ஆராய்ச்சியாளர் கண்ட ஓர் உண்மை நமக்கு வழி காட்டுகிறது. 1996-இல் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி என்பவரும் அவருடன் ஆய்ந்தவர்களும், வாட்டுதலில் பங்கு கொள்வோர் இருவர் மட்டும் அல்லர் என்று காட்டினர். வாட்டுபவனுக்குத் துணை செய்வோர், சிரித்து ஊக்குவோர், ஒதுங்கி நிற்போர், வாட்டப்படுபவனைக் காக்க முன்வருவோர் என்று சுற்றி நிற்பவர் யாவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கனடாவின் டொரான்டோ நகரத்துப் பள்ளி விளையாட்டிடங்களில் நிகழ்ந்தவற்றைப் படம் பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, 100 நிகழ்ச்சிகளில் 88-இல் மற்றப் பிள்ளைகள் உடன் இருந்ததையும், 19-இல் மட்டுமே அவர்கள் தலையிட்டதையும் கண்டது. ஆனால் தலையிட்டவற்றுள் 100-க்கு 57 என்னும் அளவில், 10 விநாடிக்குள் கொடுமை நின்றது. எனவே, நம் நாடகத்தின் கதாநாயகன் வாட்டுபவனும் அல்லன், வாட்டப்படுபவனும் அல்லன். சுற்றி நின்று பார்க்கும் பிள்ளையே.

பார்ப்பவனை மேடைக்கு அழைக்கும் நாடக முறை ஒன்றைப் பிரேசில் நாட்டு நாடக ஆசிரியர் அகஸ்தோ போவால் 1970-களில் உருவாக்கினார். அநீதி ஒன்று மேடையில் நிகழும். மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் எவரும் "நிறுத்து" என்று கூறி மேடையேறி, தாம் நினைக்கும் மாற்று வழியை நடித்துக் காட்டலாம். இதனை விவாத அரங்கு என்பர். நம் நாட்டில் மேற்கு வங்காளத்தில் 1985 முதல் "ஜன சம்ஸ்கிருதி" என்னும் குழு, இம்முறையைச் சிற்றூர் மக்களிடையே கையாண்டு வருகிறது. மேடை, ஒப்பனை, திரை எதுவும் இன்றி, 40 நிமிடப் பாடவேளையில் இதையே சிறு அளவில் செய்யலாம்.

ஒரு மாதிரிக் காட்சியைக் கூறுவோம். இடைவேளை, பள்ளித் தண்ணீர்க் குழாய். வேறு மாநிலத்திலிருந்து தகப்பனாரின் வேலை மாற்றத்தால் வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன் வரிசையில் நிற்கிறான். அவனுக்கு இவ்வூர் மொழி சரியாக வராது. "தண்ணீர்" என்ற சொல்லை அவன் உச்சரிப்பது போலவே ஒருவன் உச்சரித்துக் காட்டுகிறான். இருவர் சிரிக்கிறார்கள். அவனுடைய தம்ளர் கைக்குக் கை மாறுகிறது. மூவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மணி அடிக்கிறது. எல்லாரும் ஓடுகிறார்கள். அவன் தண்ணீர் குடிக்காமலே வகுப்புக்குப் போகிறான். நேற்றும் இப்படியே நடந்தது, நாளையும் நடக்கும். இவ்வளவே காட்சி.

முதலில் இக்காட்சியை முழுவதும் நடிக்கச் செய்ய வேண்டும். இரண்டாவதாக, தம்ளர் கைமாறும் இடத்தில் ஆசிரியர் கை தட்டியவுடன், நடிப்பவர் யாவரும் சிலை போல் அசையாமல் நிற்க வேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு சிலையின் தோளையும் தொடுவார். தொடப்பட்டவர் தம் மனத்தில் ஓடுவதை ஒரு வாக்கியத்தில் சொல்வார். பார்த்து நிற்கும் பிள்ளை, "நான் பேசினால் என்னையும் இப்படிச் செய்வார்கள்" என்று சொல்லக்கூடும். சிரிப்பவன், "எனக்குச் சிரிப்பு வரவில்லை, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தேன்" என்று சொல்லக்கூடும். இவ்வாறு சொல்லப்படும்போதுதான், தான் மட்டுமே அஞ்சுவதாக எண்ணியிருந்த பிள்ளை, வகுப்பில் பாதிப்பேர் அவ்வாறே அஞ்சுகிறார்கள் என்று அறிகிறது. அந்த அறிவே துணிவின் விதை.

மூன்றாவதாக, காட்சியை மறுபடியும் நடிக்க வேண்டும். இப்போது வகுப்பிலுள்ள எவரும் "நிறுத்து" என்று கூறி, பார்த்து நிற்கும் பிள்ளையின் இடத்தை ஏற்கலாம். போவால் வகுத்த முறையில், பெரும்பாலும் துன்பப்படுபவரின் இடத்தையே பார்வையாளர் ஏற்பார். சிறு பிள்ளைகளிடம் அவ்வாறு செய்தால், தப்பிக்க வேண்டிய பொறுப்பும் துன்பப்படுபவன் தலையிலேயே விழும், "நீ ஏன் எதிர்த்துப் பேசவில்லை?" என்று அவனையே குறை கூறும் நிலை வரும். ஆகையால் இம்மாற்றம் தேவை.

முதலில் வரும் பிள்ளை பெரும்பாலும் வாட்டுபவனை அடிக்கவே முயலும். தடுக்க வேண்டியதில்லை, தொடாமல் அடிப்பது போல் நடிக்கச் சொல்லலாம். உடனே வாட்டுபவனின் தோழர்களும் சேர்ந்துகொள்வார்கள், சண்டை பெருகும், சிறுவனுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று கேட்டால் கிடைக்கவில்லை என்று வகுப்பே சொல்லும். அடுத்த பிள்ளை ஆசிரியரிடம் ஓடும். இன்னொரு பிள்ளை ஒன்றும் பேசாமல் சிறுவன் அருகே சென்று நின்று, "வா, என் முறையில் நீ குடி" என்று தன் தம்ளரை நீட்டும். வேறொருத்தி, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று சிரிப்பவர்களைக் கேட்பாள். ஒவ்வொரு வழிக்கும் பிறகு, வாட்டுபவனாக நடித்த பிள்ளையை "இப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். "யாரும் சிரிக்கவில்லை, அதனால் எனக்கே அலுத்துவிட்டது" என்ற விடை வருமாயின், நூறு அறிவுரைகளால் ஆகாத காரியம் ஆகிவிட்டது எனலாம்.

முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு இம்முறை சற்றுப் பாரமானது. அவர்களுக்குப் பொம்மலாட்டமே ஏற்றது. பழைய காலுறையில் இரண்டு பொத்தான்களைத் தைத்தால் ஒரு பொம்மை. தேங்காய் ஓட்டில் முகம் எழுதினால் மற்றொரு பொம்மை. தன் வாயால் சொல்லத் தயங்குவதைப் பொம்மையின் வாயால் குழந்தை சொல்லிவிடும். அழுகின்ற பொம்மைக்கு ஆறுதல் சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டால், வகுப்பே எழுந்து வரும். 1979-இல் புது தில்லியில் நிறுவப்பெற்ற பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், கல்விக்குப் பயன்படும் பொம்மலாட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளது.

காக்க வேண்டிய நெறிகள்

கத்தியைக் கொண்டு கனியையும் நறுக்கலாம், கையையும் அறுத்துக்கொள்ளலாம். நாடகமும் அத்தகையதே. ஆகவே சில நெறிகளைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும்.

வகுப்பில் உண்மையாகவே வாட்டப்படும் பிள்ளைக்கு அந்த வேடத்தை ஒருபோதும் தரலாகாது; அது துன்பத்தை இருமுறை அனுபவிக்கச் செய்வதாகும். உண்மையாகவே வாட்டும் பிள்ளைக்கு வாட்டும் வேடத்தையும் தரலாகாது. அவனுக்கு அது மேடையேற்றிய பெருமை ஆகிவிடும். வாட்டுபவன் வேடத்தை ஆசிரியரே ஏற்பது சிறந்தது. பெரியவர் ஒருவர் அவ்வேடத்தைத் தாங்கினால் பிள்ளைகள் அச்சமின்றி எதிர்த்துப் பேசிப் பழகுவார்கள்.

வகுப்பில் அண்மையில் நடந்த நிகழ்ச்சியை அப்படியே காட்சியாக்கக் கூடாது. பெயர், இடம், காரணம் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். வகுப்பில் வழங்கும் எந்தப் பட்டப்பெயரும், எந்தச் சாதிப் பெயரும் நடிப்பில் ஒலிக்கக் கூடாது. மேடையில் ஒலித்த சொல் மறுநாள் வாசலில் ஒலிக்கும். நடிக்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்தலாகாது, பார்த்திருப்பதும் பங்குகொள்வதே. முடிந்தவுடன் நடித்தவர் ஒவ்வொருவரும் வேடத்தைக் களைந்தமைக்கு அடையாளமாக உடலை உதறி, தம் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லி, பிறகே இருக்கைக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் காட்சியின் பெயர் அப்பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றோடு ஒரு வேறுபாட்டையும் தெளிவாகக் கற்பிக்க வேண்டும். கோள் சொல்வது தவறு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதனாலேயே பல பிள்ளைகள் கொடுமையைக் கண்டும் வாய்மூடி இருக்கிறார்கள். ஒருவனை மாட்டிவைப்பதற்காகச் சொன்னால் அது கோள். ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் அது முறையீடு. இந்த இரு வாக்கியங்களையும் இரு சிறு காட்சிகளாக நடித்துக் காட்டினால், முதல் வகுப்புப் பிள்ளையும் வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பெரியவர் கடமை

கதையும் நாடகமும் பெரியவர்களின் கடமைக்கு ஈடாகிவிட மாட்டா. முறையிட வந்த பிள்ளையிடம், "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் கேட்டால், அந்த முறையீடே கடைசி முறையீடாகிவிடும். "நீ சொன்னது நல்லது, இது உன் குற்றம் அன்று, நான் கவனிக்கிறேன்" என்ற மூன்று சொற்றொடர்களும் முதலில் வர வேண்டும். பின்னர் இரு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்திச் சமாதானம் பேசுவதும் கூடாது. சண்டையில் அது பொருந்தும். வாட்டுதலில், வலியவன் முன் எளியவன் மீண்டும் ஊமையாவான். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசி, நாட்கணக்கில் கண்காணிக்க வேண்டும். வாட்டும் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பரிவோடு விசாரிக்க வேண்டும். அடி வாங்குகிற பிள்ளையே அடிக்கப் பழகுவது உலகம் கண்ட உண்மை.

பெற்றோருக்கும் ஒரு சொல். "இன்று என்ன பாடம் நடந்தது?" என்று கேட்பதோடு, "இன்று யாரோடு அமர்ந்து சாப்பிட்டாய்?" என்றும் கேளுங்கள். ஒருவரோடும் இல்லை என்ற விடை மூன்று நாள் தொடர்ந்து வந்தால், மறுநாளே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளியிலும் வீட்டிலும் உதவி கிட்டாத நிலையில், 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் நாடெங்கும் இரவும் பகலும் இயங்குகிறது. அதைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருக்கலாம்.

எளியாரை வலியார் அடித்தால் வலியாரைத் தெய்வம் அடிக்கும் என்பது நம் மூத்தோர் சொல். தெய்வம் வரும்வரை அந்தச் சிறுவன் தாகத்தோடு காத்திருக்க வேண்டியதில்லை. வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை ஓர் அடி முன்னே வந்து நின்றால் போதும். அந்த ஓர் அடியை எடுத்து வைக்கக் கற்பிப்பதற்கு ஒரு கதையும், மேசை நாற்காலிகளை ஒதுக்கிய சிறிது இடமும், வாரத்தில் ஒரு பாடவேளையும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் அதுவே போதுமானது.